விசிலடித்த புதர்

கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டை நாடா பிடித்து அளந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மதிப்புப் போட்டுக் கையெழுத்தும் வைத்த மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் நேரம் இருக்காது.

என் பெயர் பார்த்தசாரதி. பாங்குகளுக்காக வீடுகளை மதிப்பிடும் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராணுவத்திலிருந்து வந்தவர்கள் கடன் வாங்கிக் கட்டும் வீடு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆவடி, பட்டாபிராம், சேக்காடு, அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும் எண்பதுகளில் முளைத்த வீடுகளில் பாதியை நான்தான் பாஸ் செய்தேன். மீதிப் பாதி, நான் அந்தத் தெருவில் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துத் தானாகவே நிமிர்ந்து நின்றுகொண்டது.

வேலை இதுதான். கடனை பாங்க் ஒரேயடியாகத் தராது. அஸ்திவாரத்துக்குக் கொஞ்சம், சுவர் எழும்பினால் கொஞ்சம், கூரை போட்டால் கொஞ்சம். கதவும் பெயிண்டும் பாக்கி இருக்கும்போது என்னை அனுப்புவார்கள். சாவிக்கொத்தால் பூச்சைத் தட்டி, உள்ளே பொக்கை இருக்கிறதா என்று காது கொடுப்பேன். குளியலறைத் தரையில் கோலிக்குண்டை உருட்டி, அது தண்ணீர் போகும் ஓட்டை பக்கம் ஓடுகிறதா, கதவுப் பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். நான் சரி என்று சொன்னால் கடைசித் தவணை வரும். அந்தக் கோலிக்குண்டைக் கண்டு நடுங்காத கொத்தனார் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது.

இந்தக் கதையை நான் சொல்லும் இடத்திலெல்லாம் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நம்பிவிடுவார்கள். பத்து வருஷம் நம்பாமலே இருந்த ஒரே ஆள் ரகுநாதன். அவர் என்னைக் கூப்பிடும் பாங்குகளில் ஒன்றின் கடன் பிரிவு ஆபீசர். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு என்னோடு வந்தவரே அவர்தான். ஆனாலும் கேட்டால், "சார், கதை விடாதீங்கோ. நான் முதல் தடவை மனை மாறிப் போயிட்டேன். அவ்வளவுதான் விஷயம்" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

நடந்ததைச் சொல்கிறேன். எண்பத்தேழாம் வருஷம், வைகாசி.

சேக்காட்டில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மனை. வாங்கியவர் சுபேதார் கலியமூர்த்தி. இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில், பனியிலும் மணலிலும் தகரக் கொட்டகையிலும் கூடாரத்திலும் படுத்தவர். ஆணியடித்தால் சொந்தக்காரன் திட்டாத ஒரு சுவர் வேண்டும் என்பது மட்டும்தான் அவர் ஆசை. அவர் மனைவி நாகம்மா சேக்காட்டிலேயே பிறந்தவர். வாய் திறந்தால் ஏரியில் அலை அடிக்கும்.

வீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கூரை போட்டாயிற்று, ஜன்னல் கம்பி பொருத்தியாயிற்று, வயரிங் இழுத்தாயிற்று. வாசல் கதவு மட்டும் இல்லை. கடைசித் தவணை வந்தால் கதவு. வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகையும் அடித்துவிட்டார். அதை விட்டால் ஆனி, ஆடி, புதுவீட்டில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். குடியிருந்த பட்டாபிராம் வீட்டையோ, சொந்தக்காரர் தன் பிள்ளை கல்யாணத்துக்கு வேண்டும் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் அந்தப் பக்கம் ஒரு திருட்டுக் கும்பல் அலைந்தது. கதவில்லாத வீடுகளாகப் பார்த்துக் கை வைக்கும். ஜன்னல் கம்பி, வயர், சிமெண்ட் மூட்டை. ஒரு வீட்டில் கழிவறைக் கோப்பையைச் சிமெண்ட் காய்வதற்குள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு வீட்டில் மாடிப்படியையே கழற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை. பாதிப் படிதான் போயிருக்கும்.

இந்தச் சமயம் பார்த்து சுபேதாரின் தம்பி மகளுக்கு ஆரணியில் கல்யாணம். வீட்டை யார் பார்த்துக்கொள்வது? தன்னோடு பட்டாளத்தில் இருந்த நாயக் உத்தமனைக் கூப்பிட்டார். உத்தமன் அங்கே என்ன வேலை பார்த்தார் தெரியுமா? எதையும் எதிரி கண்ணில் படாமல் மறைக்கிற வேலை. அதைப் புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அடக்கம் என்ற சொல் அவர் இருக்கும் தெருவுக்குள் வராது.

"காவல் எதுக்கு சாப்?" என்றாராம் உத்தமன். "எழுபத்தொண்ணு சண்டையில டாங்கியையே இல்லாத பண்ணவன் நான். உங்க ஊடு எம்மாத்திரம்? நீங்க கல்யாணத்துக்குப் போய்ட்டு வாங்க. திருடன் வந்து நின்னு, தன் கண்ணையே சந்தேகப்பட்டுகினு திரும்பிப் போவான்."

ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வலை நாலு அவரிடம் இருந்தது. வீட்டின் மேலே போட்டு, நாலு பக்கமும் சரிவாக இழுத்து முளையடித்தார். வலையில் கண்ணிக்குக் கண்ணி சீமைக் கருவேலங்கிளை. காய்ந்த இலை காட்டிக்கொடுத்துவிடும் என்று தினமும் விடியற்காலையில் வாடிய கிளையை எடுத்துவிட்டுப் பச்சைக் கிளை செருகுவார். ஓரத்தில் கோவைக்கொடி ஏற்றிவிட்டார். ஏரிக்கரை நீண்டு வந்து அங்கே படுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது வீடு. காக்கை கூடு கட்டியது. ஆடுகள் மேய வந்தன. நான் கேள்விப்பட்ட வரையில் ஒரு கீரிப்பிள்ளை குடும்பம் மாமியாரோடு குடிவந்தது.

திருடன் வந்தானா தெரியாது. ரகுநாதன் வந்துவிட்டார்.

அவர் புதிதாக அந்த பாங்க் கிளைக்கு மாற்றலாகி வந்திருந்தார். முந்தைய கட்டங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆபீசர் மதுரைக்குப் போய்விட்டார். புது ஆபீசர்களுக்கு ஒரு வழக்கம், சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது. போய் நின்றார். பார்த்தார். திரும்பி வந்து, மனையில் கட்டடம் எதுவும் இல்லை, மண்மேடும் முட்புதரும்தான் இருக்கின்றன என்று எழுதிவிட்டார்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய சுபேதார் கடைசித் தவணை கேட்டு பாங்குக்குப் போனால், ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "மூணு தவணை வாங்கியிருக்கேள். வீடு எங்கே ஓய்?"

"சேக்காட்டுல சார்."

"சேக்காட்டுல எங்கே? நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஆடு மேயறது."

"அது வலை சார். திருட்டு பயத்துக்கு மறைச்சி வெச்சிருக்கோம்."

பாங்க் முழுக்கச் சிரித்ததாம். ரகுநாதன் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டை மறைச்சு வெச்சேளா? நான் சர்வீஸ்ல எவ்வளவோ பொய் கேட்டிருக்கேன். இது மாதிரி கேட்டதில்லை. என்ஜினியரோட வரேன். வீடு இல்லேன்னா, குடுத்த அத்தனையும் திரும்பக் கேப்போம். போலீசுக்கும் போவோம்."

பொய் என்ற அந்த ஒரு சொல் போய் விழுந்த இடம் சரியில்லை. சுபேதார் வீட்டுக்கு வந்து உத்தமனிடம் சொன்னார்: "வலையை எடுக்காதே."

நாகம்மா தலையில் அடித்துக்கொண்டார். இதை நாகம்மாவே என்னிடம் நடித்துக் காட்டியிருக்கிறார். "இன்னாங்க இது கூத்து? எடுத்துட்டா ஊடு தெரிஞ்சிடும், அந்தாளு வாயை மூடிகினு துட்டைக் குடுத்துட்டுப் போயிடுவான். ரோஷம் வந்து வாசலுக்குக் கதவு போடுமா?"

"இப்ப எடுத்தா, ராத்திரியோட ராத்திரியா வீடு கட்டிட்டான்னு சொல்லுவான்" என்றார் சுபேதார். "என்னைப் பொய்யன்னு சொன்னவரு அதே எடத்துல வந்து நிக்கட்டும். அதே கண்ணால பாக்கட்டும். அவரு வாயாலயே வீடு இருக்குதுன்னு சொல்லட்டும். அப்ப எடுக்கிறேன்."

"சொல்லாத போய்ட்டா?"

சுபேதார் மீசையை மட்டும் ஒதுக்கினாராம். வீடு, பேர், பத்திரிகை அடித்த முகூர்த்தம், மூன்றும் அந்த வலைக்கு அடியில்தான் இருந்தன.

இது எதுவும் தெரியாத அப்பாவியாக நான் ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றேன். ரகுநாதன் ரயிலைவிட்டு இறங்கினார். அன்றைக்கு வெயில் என்றால் வெயில். தண்டவாளம் வளைந்து, ரயில் ரவுண்டு அடித்துத் திருவள்ளூருக்குப் பதிலாகத் திரும்ப சென்ட்ரலுக்கே போய்விடும் போல இருந்தது. ரகுநாதன் ஸ்டேஷன் வாசலில் கரும்புச்சாறு குடித்தார். செக்போஸ்ட் பக்கத்தில் இன்னொரு முறை குடித்தார். சேக்காட்டுத் திருப்பத்தில் மோர். அந்தக் கணக்கில் ஒரு அண்டா உள்ளே போயிருக்கும்.

மனையில் போய் நின்றோம். நான் உண்மையைத்தான் சொல்கிறேன்: எனக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் கட்டடம் பார்த்த கண். எதிரே மேடு, முள், கொடி, இரண்டு வெள்ளாடு. பக்கத்து மனைகளில் அஸ்திவாரம் இருக்கிறது. இந்த மனையில் ஏரிக்கரை.

"பாத்தேளா?" என்றார் ரகுநாதன். தீபாவளிக்குத் துணி எடுத்த மாதிரி முகம். "நான் சொன்னா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தா. இப்போ சொல்லுங்கோ, இது வீடா, காடா?"

"எல்லைக் கல்லு இருக்கு. அளந்துடறேன்" என்றேன். வெறும் மனையாக இருந்தாலும் அளக்காமல் திரும்பியவன் இல்லை நான்.

"என்னத்தை அளக்கப்போறேள்? ஆட்டையா?" என்று சிரித்துக்கொண்டே, சுண்டுவிரலைக் காட்டிவிட்டு மேட்டின் தென்கிழக்கு மூலைப் பக்கம் ஒதுங்கினார். குடித்த கரும்புச்சாறு தன் வேலையைச் செய்ய ஆரம்பித்திருந்தது.

நான் முன்பக்க எல்லைக் கல்லில் நாடாவை மாட்டினேன். வரைபடப்படி கல்லிலிருந்து பத்தாவது அடியில் சுவர் வர வேண்டும். நாடாவை இழுத்துக்கொண்டு புதருக்குள் கையை விட்டு நடந்தேன். முள் குத்தியது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது அடியில் டொக்கென்று நின்றது. சாவிக்கொத்தை எடுத்துத் தட்டினேன். பொக்கையே இல்லாத, கணகணவென்ற, அருமையான சிமெண்ட் பூச்சு. ஒரு முட்புதருக்குள்ளிருந்து அப்படிப்பட்ட சத்தம் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த நொடியில்தான் தென்கிழக்கு மூலையில் புதர் விசிலடித்தது.

ஒரு விசில் இல்லை, ஏழு. இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். பால் காய்ச்சாத வீட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதில் நாகம்மா கறார். அதனால் வலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், சமையலறைச் சுவரை ஒட்டிய அந்தத் தென்கிழக்கு மூலையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் குக்கர் வைத்துப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். வலைக்கு இந்தப் பக்கம் ரகுநாதன் நின்றார். அவருக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம்.

ஏழாவது விசில் அடங்கும்போது புதர் பேசியது.

"ஐயே! யாருய்யா அது? எடுபட்டவனே! ஊட்டுச் செவுத்து மேலயா வந்து...? ஊர்ல வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு? ஒலை வெச்சிகினு கீறேன், கண்ணு தெரியல?"

ரகுநாதன் பின்பக்கமாக ஓடி வந்த வேகத்தை நான் எந்த ஒலிம்பிக்கிலும் பார்த்ததில்லை. மனிதன் பின்னோக்கி அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆடு ஒன்றை இடித்து, ஆடு அவரை இடித்து, இருவரும் உட்கார்ந்தார்கள்.

புதரின் நடுவில் கொடி விலகியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மார்பில் மெடல்களோடு சுபேதார் கலியமூர்த்தி வெளியே வந்தார். குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார். அவருக்குப் பின்னால் தலையில் கருவேலங்கிளை செருகிய உத்தமன்.

"அண்ணாத்தே, மூஞ்சி எதுக்கு வெளிறிப் போச்சி?" என்றார் உத்தமன், உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து. "நீங்கோ அன்னிக்கு வந்தப்பகூட நான் இங்கத்தான் நின்னுகினு இருந்தேன். ஒரு முழம் தள்ளி. ஆட்டுக்காரன்னு நெனச்சிகினு என்னாண்டவே மணி கேட்டீங்கோ."

"ஏன்யா அன்னிக்கே சொல்லலை?" என்றார் ரகுநாதன்.

"மறைச்சி வெச்ச ஆளே, இங்க மறைச்சி வெச்சிருக்கேன்னு சொல்லுவானா? இன்னா பேச்சு நைனா இது?"

சுபேதார் மட்டும் சிரிக்கவில்லை. "சார், வீடு இருக்குதா?" என்று கேட்டார்.

ரகுநாதன் எழுந்து, பேண்ட்டைத் தட்டி, வேறு சில இடங்களையும் சரிசெய்துகொண்டார். "இருக்குன்னுதான் தோண்றது."

"தோண்றதா?"

"கையை விட்டுப் பாருங்க" என்றேன் நான். அவர் கையை விட்டார். சுவர் தட்டுப்பட்டது. உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயிலில் அந்தச் சுவர் குளுகுளுவென்று இருந்திருக்கும்.

"வீடு இருக்கு, சுபேதார் சார்" என்றார். அந்த சார் புதிது.

"வலையை இன்னும் எடுக்க வேணாம்" என்று நான் குறுக்கே புகுந்தேன். எனக்கும் ஒரு ஆசை இருக்காதா? வலை மேலே இருக்கும்போதே நாலு பக்கமும் நாடாவைச் செருகிச் செருகி அளந்தேன். கையெல்லாம் முள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டும், வரைபடத்தோடு அங்குலம் பிசகவில்லை. கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்கு மதிப்புப் போட்டது இப்படித்தான். சிரித்தவர்கள் இப்போது என்ன செய்கிறீர்கள்?

"உத்தமா" என்றார் சுபேதார்.

உத்தமன் ஒரே ஒரு முளையைப் பிடுங்கினார். மற்றதெல்லாம் அதோடு கோத்தது போல் சரசரவென்று வலை சரிந்தது. காக்கைகள் திட்டிக்கொண்டே பறந்தன. ஏரிக்கரை மறைந்து ஒரு வீடு நின்றது. நான் எத்தனையோ புதுவீடு பார்த்திருக்கிறேன். பாதி வீடுகளில் ஜன்னல்கள் ஆளுக்கொரு உயரத்தில், கல்யாண போட்டோவில் நிற்கும் சித்தப்பாக்கள் மாதிரி இருக்கும். இங்கே எல்லா ஜன்னலும் அணிவகுப்பில் நின்றன. உள்ளே போய்க் கோலிக்குண்டை உருட்டினேன். அது நேரே தண்ணீர் ஓட்டையில் போய் அட்டென்ஷனில் நின்றது. நாகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, தெருவில் போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "தோ பாரு, எங்க ஊடு. தெரியுதா? நல்லா பாத்துக்கோ."

சுபேதார் வாசலுக்கு வெளியே போய்த் தெருவில் நின்று வீட்டைப் பார்த்தார். அவரும் மூன்று வாரமாகப் பார்க்கவில்லையே! மெடல்கள் லேசாகக் கிணுகிணுத்தன. மூச்சு அவ்வளவு பெரிதாக வாங்கினார் மனிதர்.

தவணை வந்தது. கதவு வந்தது. வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் பொங்கியது. ஆனால் ரகுநாதன் பாங்கில் என்ன சொன்னார்? முதல் தடவை மனை மாறிவிட்டது என்றார். திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "சார், அந்த மூலை சமாச்சாரம்... அது நமக்குள்ள" என்று என் காதில் சொன்னதோடு சரி. அப்புறம் வலை, விசில், புதர் எல்லாமே என் கற்பனை என்று ஆகிவிட்டது.

பத்து வருஷம் போனது. போன தை மாதம் சுபேதார் மாடி எடுத்து முடித்து மறுபடி பால் காய்ச்சினார். மாடியையும் நான்தான் பார்த்துச் சரி சொன்னேன், ஓய்வு பெற்ற பிறகும். கோலிக்குண்டு மட்டும் புதிது. ரகுநாதனும் வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. நாகம்மா பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் சும்மா இருப்பேனா? கதையை ஆரம்பித்தேன்.

எதிர் வரிசையில் தங்கவேல் என்று ஒருவர், பக்கத்துத் தெருவில் புதிதாக வீடு வாங்கி வந்தவர். ஏழு விசில் வந்தபோது பாயசத்தைப் புரையேற்றிக்கொண்டார். "சார், செம கதை! ஆனா பாங்க் சார்தான் மனை மாறிப் போய்ட்டேன்றாரே?" என்று ரகுநாதனைக் காட்டிச் சிரித்தார். பிறகு சுபேதார் பக்கம் திரும்பி, விளையாட்டாகத்தான் கேட்டார்: "நிஜத்தைச் சொல்லுங்க மாமே, வீட்டை மறைச்சீங்களா, இல்ல கட்டாமலே மூணு தவணை வாங்கிகினு அப்பால அவசரமா கட்டினீங்களா?"

பந்தி சிரித்தது. அப்பளம் வைத்துக்கொண்டு வந்த சுபேதாரின் கை நின்றுவிட்டது. அதே முகம். பத்து வருஷத்துக்கு முன் பாங்கிலிருந்து திரும்பி வந்தபோது எப்படி இருந்ததென்று நாகம்மா எனக்கு நடித்துக் காட்டினாரே, அதே முகம். நாகம்மா வாயைத் திறந்தார். அவருக்கே சொல் வரவில்லை. உலகத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ரகுநாதன் இலையை மூடினார். பாயசம் பாக்கி இருக்கும்போதே மூடினார். எழுந்து நின்றார்.

"மனை மாறலை" என்றார். "ரெண்டு தடவையும் சரியான மனைக்குத்தான் போனேன். வீடு இருந்தது. எனக்குத்தான் தெரியலை. இவர் ஒரு பைசா பொய் சொல்லலை. நான்தான் பத்து வருஷமா சொல்லிண்டிருக்கேன்."

"வலை?" என்றார் தங்கவேல்.

"இருந்தது."

"அந்த... மூலையாண்ட?"

ரகுநாதன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். தென்கிழக்கு மூலையில் நாகம்மா வைத்த ரோஜாச் செடி தலைக்கு மேல் வளர்ந்து பூத்திருந்தது. காது சிவந்துவிட்டது அவருக்கு. சுபேதார் அப்பளத் தட்டை வைத்துவிட்டு, குதிகால் சேர்த்து நிமிர்ந்தார்.

"அதுவும் நடந்தது" என்றார் ரகுநாதன். பிறகு என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "ஆனா சார், குக்கர் ஏழு விசில் அடிக்கலை. ஒரே விசில்தான். மத்த ஆறும் நான் கத்தினது."